பொதிகையடியில் நான்கு நாள்: நடையா, சைக்கிளா, காரா?

ஒவ்வோர் ஆண்டும் சாரல் தொடங்கும் வேளையில், வெளியூரில் வாழும் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நான்கு நாள் விடுமுறையில் மலையும் நீரும் சேர்ந்த இடமாகத் திருநெல்வேலிச் சீமையில் சுற்றிவர வேண்டுமானால், எங்கே தங்குவது, எதில் போவது? இந்த முறை கேட்டவர் கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர். அவருடன் அவர் மனைவியும் பதினாறு வயது மகனும் வருகிறார்கள். மூவருக்கும் சைக்கிள் ஓட்டும் பழக்கம் உண்டு, நடப்பதற்கும் அஞ்சமாட்டார்கள், வீட்டில் காரும் இருக்கிறது. ஆகவே நடை, சைக்கிள், கார் ஆகிய மூன்றில் எதையும் அவர்களால் தேர்ந்துகொள்ள முடியும். அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதத்தின் பிற்பகுதியில் வாருங்கள், அம்பாசமுத்திரத்தில் தங்குங்கள், மூன்று நாட்கள் மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் சைக்கிள் மிதியுங்கள், ஒரு நாளை மட்டும் வனத்துறை அனுமதியோடு காட்டுக்குள் நடப்பதற்கு ஒதுக்குங்கள். ஆடியில்தான் விடுப்பு கிடைக்கும் என்றாலோ, எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரும் உடன் வருகிறார்கள் என்றாலோ இந்த விடை மாறும். எப்படி மாறும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை வடக்குத் தெற்காக மதில்போல நிற்கிறது. இந்தப் பகுதியில் அதன் உச்சமாகிய அகத்தியமலை 1,868 மீட்டர் உயரமுடையது. அந்தப் பொதிகைப் பகுதியில் பிறக்கும் தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் அது வற்றாமல் ஓடுகிறது. மலையின் காலடியில் வரிசையாக அணைகள் இருக்கின்றன: பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி, வடக்கே தென்காசி மாவட்டத்துக்குள் கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, அடவிநயினார் 132 அடி. அணைகளுக்குக் கீழே, ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட எட்டு அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன. அந்தக் கால்வாய்கள் ஒரு குளத்தை நிரப்பி, அதன் மறுகால், அதாவது நிரம்பி வழியும் நீர், அடுத்த குளத்துக்குப் போகும்படி அமைந்திருக்கின்றன. பிற மாவட்டத்தார் ஏரி என்று சொல்வதை இங்கே யாரும் ஏரி என்று சொல்வதில்லை. எத்தனை பெரிதாக இருந்தாலும் அது குளம்தான். ஏரிகளும் மலைகளும் சேர்ந்த நாடு என்று தேடிவரும் ஒருவர் உண்மையில் இந்தக் குளங்களையும் கால்வாய்களையும்தான் தேடுகிறார் என்பது என் எண்ணம். அணைகள் அந்தக் காட்சியின் ஒரு பகுதி மட்டுமே.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். மேலே காடு, நடுவே அடிவாரம், கீழே ஆற்றுச் சமவெளி. காட்டுக்குள் காலால்தான் எதையும் சரியாகப் பார்க்க முடியும், ஆனால் அங்கே போவது நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அடிவாரத்துக்கும் சமவெளிக்கும் சைக்கிளின் வேகம் பொருந்துகிறது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள அணைகளையும் அருவிகளையும் இரண்டு நாட்களில் பார்த்து முடிக்க விரும்புகிறவருக்குக் காரே வசதி. எந்த வாகனம் என்ற கேள்விக்குள் எந்த நிலம், எந்த மாதம் என்ற இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் மாதத்தைப் பற்றிய கேள்வியே பெரிது. அதை முதலில் தீர்த்துக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள்.

ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காலம். குற்றாலத்தில் சாரல், அருவிகளில் நிறைந்த நீர், கார்ப் பருவ நெல் சாகுபடிக்கு அணை திறந்திருப்பதால் கால்வாய்களில் ஓட்டம், வயல்களில் இளம்பச்சை என்று கண்ணுக்கு எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் சைக்கிளில் வருகிறவர் கணக்கில் கொள்ளவேண்டியது காற்று. கேரளப் பக்கமிருந்து வரும் பருவக்காற்று வடக்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் நெருக்கிப் புகுந்து, சமவெளியில் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுரண்டையிலும் காற்றாலைகள் காடுபோல நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சைக்கிளில் உட்கார்ந்து கேட்டால் அதில் மிகையொன்றும் தோன்றாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், நானும் நண்பர் ஒருவரும் நெல்லை டவுனிலிருந்து பாபநாசத்துக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். சுமார் 45 கிலோமீட்டர் தொலைவு. ஏற்றமென்று சொல்ல எதுவும் இல்லை. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்தோம். சேரன்மகாதேவியைத் தாண்டியதும் எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. வீரவநல்லூருக்கு வந்து சேர்ந்தபோதே கால் ஓய்ந்துவிட்டது. அங்கே டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சொன்னதை மறக்கவில்லை: "காத்துக்கு எதுக்க மிதிக்காதிய அண்ணாச்சி. தென்காசிக்கு ரயில்ல போயி எறங்கி, அங்கருந்து இங்கன மிதிச்சு வாங்க." அடுத்த ஆண்டு அவர் சொன்னபடியே செய்தோம். தென்காசி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்திலும் திருநெல்வேலி 50 மீட்டர் அளவிலும் இருப்பதால், நிலமே கிழக்கு நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கிறது; காற்றும் முதுகில் சேர்ந்துகொள்ள, சைக்கிள் தானாகப் போவதுபோல இருந்தது. ஆகவே ஆடியில்தான் வர முடியும் என்றால், மேற்கில் தொடங்கிக் கிழக்கில் முடியும்படி பாதையை அமைத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையில் திட்டமிட்டால் விடுமுறையில் பாதி, காற்றோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும்.

ஐப்பசி முதல் மார்கழியின் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களைத் தவிர்க்கும்படி நான் சொல்வது மிகையான எச்சரிக்கை அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை மாநகருக்குள் புகுந்தது. குளங்கள் உடைந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. அப்படியொரு மழை ஆண்டுதோறும் வருவதில்லை என்றாலும், மலையில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும் நேரத்திலும் வெள்ளமாக வந்து சேரும் என்பது எந்த மாதத்துக்கும் பொருந்தும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. பதினாறு வயதுப் பையனோடு வருகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: அருவியில் குளிக்கத் தடை என்று பலகை வைத்திருந்தால், நீர் எத்தனை அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கக் கூடாது.

மாசி பிந்தியதிலிருந்து வைகாசி வரை வெயில். கால்வாய்களில் தண்ணீர் நிறுத்தப்பட்டிருக்கும். அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடக்கும். மலையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் பருவம் என்பதால் நடைப்பயணத் தடங்கள் மூடப்படும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு இந்த விதிகள் இறுக்கமாயின, இறுகியது சரியே.

எஞ்சுவது தை மாதமும் மாசியின் முற்பகுதியும். மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும். பிசானப் பருவ நெற்பயிர் கதிர் பிடித்து நிற்கும். காற்று வடகிழக்கிலிருந்து மெல்ல வீசும். விடியற்காலையில் மலை முழுதும் தெளிவாகத் தெரியும். சாரல் காலத்தில் வாரக்கணக்கில் மேகத்துக்குள் மறைந்திருக்கும் பொதிகை, தை மாதத்துக் காலையில் ஆழ்வார்குறிச்சிச் சாலையிலிருந்து பார்த்தால் மடிப்பு மடிப்பாகக் கண்முன் நிற்கும். குற்றால அருவிகளில் ஆனி மாதத்து முழக்கம் இருக்காது என்பது உண்மை. அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்ற அனைத்தும் கிடைக்கின்றன. காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு வருவது நல்லது.

இனி வழிமுறைகளுக்கு வருகிறேன். ஆழமான அனுபவம் எது என்று மட்டும் கேட்டால், நடைதான் என்பேன். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. இத்தகைய காட்டில் வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் நடப்பது, நூறு கிலோமீட்டர் காரில் சுற்றுவதைவிட அதிகம் தரும். புலியைப் பார்ப்போம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கருமந்தியின் குரலும், மலையணிலின் தாவலும், சேற்றில் மிளா என்னும் மானின் குளம்படியும், அவற்றைப் படித்துச் சொல்லும் காணி இனத்து வழிகாட்டியின் பேச்சும் போதுமானவை. காணி மக்கள் காரையாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் தலைமுறைகளாக வாழ்கிறவர்கள். அந்தக் காட்டை அவர்களைவிட நன்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் நான்கு நாள் விடுமுறை முழுவதையும் நடைக்கென்று திட்டமிடுவதை நான் ஆதரிக்கவில்லை. காப்பகத்துக்குள் தானாக நுழைந்து நடப்பது குற்றம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 நடைத்தடங்களைத் திறந்து, இணையவழிப் பதிவையும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளையும் ஏற்படுத்தியது. நெல்லை, தென்காசிப் பகுதித் தடங்களும் அவற்றில் உண்டு. அந்த வழியாகப் போவதே முறையானது. எனினும் மழை, தீ, யானை நடமாட்டம், புலிகள் கணக்கெடுப்பு என்று ஏதேனும் ஒரு காரணத்தால் தடம் கடைசி நேரத்தில் மூடப்படலாம். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்து மேல்கோதையாற்றுப் பகுதியில் விட்டார்கள். சில மாதங்களில் அது மாஞ்சோலைப் பக்கம் வந்தபோது சுற்றுலாவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. காட்டின் நலத்துக்காகச் செய்யும் இத்தகைய தடைகளை மனமாரப் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்றால், நம் விடுமுறை முழுவதும் அந்த ஒரு அனுமதியைச் சார்ந்திருக்கக் கூடாது. ஒரு நாளை மட்டும் அதற்கென ஒதுக்கினால், தடம் மூடப்பட்டாலும் மற்ற மூன்று நாட்களும் கெடாது.

அகத்தியமலையின் உச்சி ஏறவேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். இன்று முறைப்படி ஏறுகிறவர்கள் கேரளத்தின் போனக்காடு வழியாகவே ஏறுகிறார்கள். கேரள வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும், எண்ணிக்கை வரம்போடு அனுமதி தருகிறது. அது தனியொரு பயணம். இந்த நான்கு நாட்களுக்குள் அதைத் திணிக்க வேண்டாம். அனுமதிச் சிக்கல் குறைந்த நடை வேண்டுமென்றால் கோயில் வழிகள் இருக்கின்றன. கடையம் அருகே தோரணமலை முருகன் கோயிலுக்குப் படிகள் உண்டு. அதிகாலையில் ஏறி இறங்கினால், கீழே குளங்கள் வெயிலில் மின்னுவதைப் பார்க்கலாம். தெற்கே, 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்குறுங்குடியிலிருந்து மலைநம்பி கோயிலுக்குச் செல்லும் காட்டுவழி இதைவிட அழகானது. ஊரிலிருந்து ஜீப்பும் போகிறது. நடக்க முடிந்தவர்கள் நடப்பதே நல்லது. அதுவும் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் நேரக் கட்டுப்பாடு உண்டு. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளைச் சோதிப்பார்கள்; எரிச்சல்படாமல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சைக்கிளுக்கு வருகிறேன், என் மனம் இதில்தான் இருக்கிறது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை, மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வரும் அடிவாரச் சாலை மத்தளம்பாறை, கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பிறகு பாரதியார் 1918 முதல் 1920 வரை அங்கே வாழ்ந்தார். ராமநதி, கடனா இரண்டு அணைகளும் இந்தச் சாலையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. விருப்பமிருந்தால் ஒன்றுக்கு மட்டும் திரும்பிப் போய் வரலாம். இரண்டுக்கும் போனால் வெயில் ஏறிவிடும்.

இந்தச் சாலையின் குறையையும் மறைக்கக் கூடாது. கேரளத்துக்குக் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் கனரக லாரிகள் இந்தப் பக்கம் நிறைய ஓடுகின்றன. சாலையோரத்தில் போதிய இடம் கிடையாது. ஆகவே காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் பெரும்பகுதியைக் கடந்துவிட வேண்டும். மகனை நடுவில் விட்டுப் பெரியவர்கள் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். மாலை மங்கிய பிறகு அடிவாரத்தில் சைக்கிள் ஓட்டவே கூடாது. லாரி ஒரு காரணம். கரடி மற்றொரு காரணம். அடிவார ஊர்களின் தோட்டங்களுக்குள் கரடி வருவது இங்கே அரிதான செய்தியன்று.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே நிலைமை முற்றிலும் மாறுகிறது. ஆற்றின் இரு கரையிலும் கால்வாய்களை ஒட்டிச் செல்லும் சிறு சாலைகளில் லாரிகள் கிடையாது. நிழலுக்கு மருதமரம், ஒருபக்கம் ஓடும் நீர், மறுபக்கம் வயல், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு படித்துறை. கன்னடியன் கால்வாயை ஒட்டி வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் வரும்போது, நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய கால்வாய் இன்றும் நெல் விளைவிப்பதைக் கண்முன் பார்க்கலாம். இதைக் காரில் பார்க்க முடியாது. கார் அந்தப் பாதைகளுக்குள் நுழைந்தால் எதிரே வரும் டிராக்டருக்கு வழிவிட முடியாமல் இருவரும் சிக்கிக்கொள்வார்கள். நடந்து பார்க்கலாம் என்றால் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் முடியாது. சைக்கிள் இந்த நிலத்துக்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கிறது.

வழியில் கட்டாயம் நிற்கவேண்டிய இடம் திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. அதன் கோபுரத்தின் உள்நிலைகளில் உள்ள மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் புகழ்பெற்றவை. பார்க்க அனுமதி கிடைக்குமா என்று கோயிலில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள மருதமரங்களில் கூடுகட்டும் கொக்குகளையும் நாரைகளையும் ஊரார் நெடுங்காலமாகக் காத்துவந்ததன் பயனாக, 2005இல் அந்தச் சிறுதோப்பு இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்டது. மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த இடம்தான். மக்கள் தாமாக முன்வந்து காத்த இடம் என்பதால், அதன் மதிப்பு என் கண்ணில் பெரிய சரணாலயங்களுக்குக் குறைந்ததன்று. அங்கிருந்து கிழக்கே வந்தால், மண்பாண்டத்துக்கும் நாகசுர மேதை அருணாசலத்துக்கும் பெயர்பெற்ற காருகுறிச்சியும், கோரைப்பாய் நெய்யும் பத்தமடையும் அடுத்தடுத்து வரும்.

சைக்கிளுக்கு எல்லை ஒன்று உண்டு. பாபநாசம், மணிமுத்தாறு வனச்சோதனைச் சாவடிகளுக்கு மேலே சைக்கிளில் போக நினைக்க வேண்டாம். யானையும் சிறுத்தையும் நடமாடும் மலைச்சாலையில் சைக்கிள்காரருக்குப் பாதுகாப்பும் இல்லை, அனுமதியும் கிடைக்காது. சாவடிக்குக் கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு, காரையாற்றுக்குப் போகும் அரசுப் பேருந்தில் ஏறுவதே சரியான வழி. சொரிமுத்து அய்யனார் கோயிலும் முண்டந்துறையும் அந்த வழியில்தான். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்தக் கோயிலுக்கு லட்சக்கணக்கானோர் வந்து குடில் போட்டுத் தங்குவார்கள். அது வழிபாட்டுக்கான நேரம், சுற்றுலாவுக்கு ஏற்றதன்று. சாவடிக்கு உட்படாத பகுதியில், பாபநாசம் கோயில் படித்துறையும் மணிமுத்தாறு அணையின் நீர்ப்பரப்பும் காலை நேரத்துக்குப் போதும்.

கார்ப்பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் கார்தான் சரி. ஆடிச் சாரலில் அருவி அருவியாகப் போகவேண்டுமென்றாலும் கார்தான். இரண்டு நாட்களில் குற்றாலம், அடவிநயினார், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு அனைத்தையும் தொட்டுவிடலாம். ஆனால் அணையில் கார்ப் பயணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மதகுச்சுவரும் பூங்காவும்தான். ஐந்தாவது அணைக்குப் போகும்போது முதல் அணை நினைவில் இருக்காது. இருசக்கர வண்டியில் வருகிறவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மாஞ்சோலை மலைச்சாலையில் சுற்றுலாப் பயணிகளின் பைக்குகளை அனுமதிப்பதில்லை; கார்களுக்கும் முன்னனுமதியும் நாளொன்றுக்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு.

மாஞ்சோலையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அந்தச் சாலை ஏறிப்போகிறது. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களின் வரிசையில் வருபவை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட காட்டில் வளர்ந்த தேயிலைத் தோட்டங்கள் அவை. 2024இல் தோட்டப் பணி நின்றது. தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையிறங்க நேர்ந்தது. மூடுபனியைப் படமெடுக்கப் போகிறவர்கள் தொழிலாளர் குடியிருப்புகளான அந்த லயன் வீடுகளின் வாசலில் நின்று, அங்கே வாழ்ந்தவர்களைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். போவதாக இருந்தால் அட்டைக்கடிக்கு உப்போ புகையிலையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனர் குடும்பத்துக்கு இந்த முறை மாஞ்சோலை வேண்டாம் என்றே எழுதினேன். ஒரு நாள் முழுவதும் ஏறி இறங்குவதிலேயே போய்விடும்.

தங்குமிடத்தில் பலரும் முதலில் நினைப்பது குற்றாலத்தை. சாரல் காலத்தில் அங்கே அறை கிடைப்பது கடினம், வாடகையும் பல மடங்கு. ஒருமுறை முன்பணம் கட்டிப் பதிவு செய்த அறையை, போய்ச் சேர்ந்தபோது வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள், நள்ளிரவில் தென்காசிக்குத் திரும்பினோம். தை மாதத்தில் இந்தத் தொல்லை குறைவு என்றாலும், ஆற்றுச் சமவெளியிலிருந்து அது மிகவும் மேற்கே ஒதுங்கியிருக்கிறது. நெல்லை மாநகரில் எல்லா வசதியும் உண்டு. மலைதான் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கிறது. களக்காடும் திருக்குறுங்குடியும் அமைதியான ஊர்கள். காடு வாசலிலேயே நிற்கிறது. ஆனால் தங்கும் விடுதிகள் குறைவு, ரயில் கிடையாது. அம்பாசமுத்திரத்தில் ஆடம்பர விடுதிகளைத் தேட வேண்டாம். சுத்தமான நடுத்தர அறைகள் உண்டு. பாபநாசமும் மணிமுத்தாறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். காப்பகத்தின் அம்பாசமுத்திரக் கோட்ட அலுவலகம் ஊருக்குள்ளேயே இருப்பதால், அனுமதி குறித்து நேரில் கேட்கலாம். திருநெல்வேலி – செங்கோட்டை ரயில்பாதை ஊர் வழியாகவே போகிறது. ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. ஊருக்குத் திரும்பும்போது அப்பளம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே மைத்துனருக்கு நான் வகுத்துக் கொடுத்தது இதுதான். முதல் நாள் காலை தென்காசியில் இறங்கி, லாரிகள் பெருகுவதற்குள் அடிவாரச் சாலையில் அம்பாசமுத்திரம் வந்துவிடுவது. இரண்டாம் நாள் மணிமுத்தாற்றுக்கும் சிங்கம்பட்டிக்கும் சைக்கிளில் போய், மதியத்துக்குள் அறைக்குத் திரும்பி ஓய்வு. மூன்றாம் நாள் முன்பதிவு செய்த காட்டு நடை, அது மூடப்பட்டிருந்தால் பேருந்தில் காரையாறு. நான்காம் நாள் திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக நெல்லைக்கு ஆற்றங்கரையோடு சுமார் 45 கிலோமீட்டர். ஐந்தாவது நாள் ஒன்று கிடைக்குமானால், நெல்லையிலிருந்து வாடகைக் காரில் கூந்தன்குளம் போய்வரச் சொன்னேன். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளத்தில் தை, மாசியில் பூநாரையும் வரித்தலை வாத்தும் இருக்கும். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடுகட்டும். அவற்றுக்காக ஊரார் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள்.

சைக்கிளைக் கொண்டுவரும் வழிதான் மிச்சம். ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்யும் வசதி எல்லா நிலையங்களிலும் இல்லை. சிறிய நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடங்களே நிற்கும். ஆதலால் கோயம்புத்தூரிலிருந்து பெரிய நிலையத்துக்குப் பதிவு செய்து அனுப்பி, அங்கிருந்து தென்காசிக்குக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே நம்பகமானது. மூன்று சைக்கிளும் பைகளும் அதில் தாராளமாக அடங்கும். பஞ்சர் ஒட்டும் பொருளையும் உபரி டியூபையும் வீட்டிலிருந்தே எடுத்து வரும்படி எழுதியிருக்கிறேன். கியர் சைக்கிளின் டயர் அளவுக்கு டியூப் தேடி அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஒரு மதியத்தை நான் இழந்திருக்கிறேன்.